பிராசசர் மூடில பொறிச்சிருக்க எழுத்தெல்லாம் என்ன சொல்லுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூஸ்டு சிபியு வாங்கப் போறவங்க, வாரன்ட்டி க்ளெய்ம் பண்றவங்க, கூலரைக் கழட்டினப்ப மூடில (சிபியு மேல இருக்க உலோகத் தகடு) இருக்க நம்பரைப் பார்த்துட்டு "இது என்ன"ன்னு யோசிச்சவங்க எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல போட்டு வெச்சிருக்கேன். கோட் எழுத்துகளை வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதிருக்கேன், மூடில ஆங்கில எழுத்துல இருக்கும், நீங்க மாத்திப் படிச்சுக்கோங்க.

மூடில '05, '17 மாதிரி ஒரு வருஷம் இருக்கே, அதானே தயாரிச்ச வருஷம்?

இல்ல. பாதிப் பேர் தப்பாப் படிக்குறது இந்த வரியைத்தான். வட்டத்துக்குள்ள சி எழுத்து போட்டு பக்கத்துல வர்ற வருஷம் பதிப்புரிமை (காப்பிரைட்) வருஷம். சில பழைய இன்டெல் சிப்ல கூடவே வட்டத்துக்குள்ள எம் எழுத்தும் இருக்கும், அது சிப்போட லேஅவுட் டிசைனுக்கான பாதுகாப்புக் குறி. இந்த வருஷத்துக்கும் உங்க கைல இருக்க பீஸ் எப்ப பேக்டரிய விட்டு வந்துச்சுங்கிறதுக்கும் சம்பந்தம் கிடையாது. டிசைன் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் கழிச்சுக்கூட அதே சிப் ஓடிட்டு இருக்கும், வருஷம் மட்டும் மாறாது. "ஏமாத்திட்டான், பழைய சரக்கு கொடுத்துட்டான்"னு கடைக்காரர்கூட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி வேற வரியைப் பாருங்க.

சரி, அப்ப இன்டெல்ல உண்மையான தேதி எங்க இருக்கு?

பேட்ச் நம்பர்ல. இன்டெல் இதை எஃப்பிஓன்னு சொல்லும், டப்பா லேபிள்ல பேட்ச்னு போட்டிருக்கும். டெஸ்க்டாப் சிப்ல பொதுவா மூடியோட கடைசி வரிகள்ல எட்டு எழுத்தா இருக்கும். ஒரு பழைய கோர் 2 குவாட் க்யூ6600-ஐ எடுத்து வரி வரியாப் பார்ப்போம், ஏன்னா அந்தக் காலத்து மூடில விஷயம் நிறைய இருக்கும்.

மேல இன்டெல் பேரு, பதிப்புரிமை வருஷம், க்யூ6600-ங்கிற மாடல். அதுக்குக் கீழ கோர் 2 குவாட். அடுத்த வரில "எஸ்எல்ஏசிஆர்", பக்கத்துல "மலாய்". அடுத்தது "2.40 கிகாஹெர்ட்ஸ் / 8எம் / 1066 / 05ஏ". கடைசில உதாரணத்துக்கு "எல்737பி123"ன்னு வெச்சுக்குவோம்.

இந்தக் கடைசி வரிதான் நமக்கு வேணும். முதல் எழுத்து பிளான்ட் கோட், எல்னா மலேசியா. அடுத்த 7 வருஷத்தோட கடைசி இலக்கம். அடுத்த ரெண்டு இலக்கம் வாரம், அதாவது 37-வது வாரம். மீதி பி123 லாட் நம்பர், அதுல நமக்குப் படிக்க ஒண்ணும் இல்ல. ஆக 7-வது வருஷம் 37-வது வாரம், செப்டம்பர் நடு.

7-ன்னா 2007-ஆ 2017-ஆ, எப்படித் தெரியும்?

கோட்ல இருந்து தெரியாது, ஒரே இலக்கம்தானே. மாடலை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். க்யூ6600 வந்ததே 2007 ஜனவரில, அதனால 7-ன்னா 2007தான். அதே 7 ஒரு ஐ7-8700கே மேல இருந்தா 2017. ஒரு மாடல் பத்து வருஷம் தாண்டி ஓடுறது ரொம்ப அபூர்வம், அதனால இதுல குழம்புறதுக்குப் பெருசா இடமில்ல.

அந்த 2.40/8எம்/1066/05ஏ வரி என்ன?

கிளாக் ஸ்பீடு, எல்2 கேஷ் 8 எம்பி, எஃப்எஸ்பி (சிபியுவும் போர்டும் பேசிக்குற பாதையோட வேகம்) 1066, கடைசில இருக்க 05ஏ மதர்போர்டோட பவர் தகுதியைச் சொல்ற கோட். இப்ப வர்ற மூடில இந்த வரி இவ்ளோ விவரமா இருக்காது, கிளாக் இருந்தாலே பெருசு.

எஸ்எல்ஏசிஆர் மாதிரி அஞ்செழுத்து கோட் எதுக்கு?

என்னைக் கேட்டா மூடிலயே உருப்படியான வரி இதுதான். இதை எஸ்-ஸ்பெக்னு சொல்வாங்க. மாடல் பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்க சிலிக்கான் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, அந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுக்குறது இந்தக் கோட்தான்.

அதே க்யூ6600-ல எஸ்எல்9யூஎம்னு ஒண்ணு இருக்கு, அது பி3 (B3) ஸ்டெப்பிங், 105 வாட். ஸ்டெப்பிங்னா அதே சிப் டிசைனோட திருத்தின பதிப்பு எண். எஸ்எல்ஏசிஆர் ஜி0 ஸ்டெப்பிங், 95 வாட். பேரு, ஸ்பீடு, கேஷ் எல்லாம் அதேதான், ஆனா ஜி0 கம்மியா சூடாகும், ஓவர்கிளாக் பண்றவங்க எல்லாம் அன்னைக்கு இந்த அஞ்செழுத்தைச் சொல்லித்தான் கேட்டு வாங்குனாங்க.

கொஞ்சம் கிட்டத்துல பார்த்தா ஐ9-9900கே. எஸ்ஆர்இஎல்எஸ்னா பி0 (P0) ஸ்டெப்பிங், எஸ்ஆர்ஜி19-ன்னா ஆர்0. ஆர்0-ல எம்டிஎஸ்ங்கிற செக்யூரிட்டி ஓட்டைக்கு ஹார்ட்வேர்லயே வழி பண்ணிட்டாங்க, பி0-ல அது மைக்ரோகோடும் (சிப்புக்குள்ள ஓடுற, அப்டேட் பண்ணக்கூடிய குட்டி ப்ரோகிராம்) ஆபரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்து சமாளிக்குற விஷயம். இதுல இன்னொரு சிக்கல், ஆர்0 சிப்பை பழைய பயாஸ் இருக்க போர்டுல போட்டா போர்டுக்கு அதைத் தெரியாது, டிஸ்ப்ளே வராது, நீங்க சிபியு செத்துப்போச்சுன்னு நெனச்சு திருப்பிக் கொடுத்துட்டு வந்துருவீங்க.

அப்புறம் ஐ5-12400. இதுல சி0, எச்0-ன்னு ரெண்டு இருக்கு. எச்0 ஆறு பெரிய கோர் மட்டுமே இருக்க சின்ன சிலிக்கான். சி0 பெரிய சிலிக்கான்ல சின்ன கோர்களை அணைச்சுட்டு 12400-ன்னு வித்தது. ஐ5-13400 இன்னும் வேடிக்கை, பி0 (B0)-ன்னா உள்ள ராப்டர் லேக் சிலிக்கான், சி0-ன்னா முந்தின தலைமுறை ஆல்டர் லேக் சிலிக்கான், டப்பால ரெண்டுக்கும் ஒரே பேரு. ரெண்டும் சொன்ன ஸ்பெக்கைக் கொடுக்கும், அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, ஆனா எது உங்க கைல இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா எஸ்-ஸ்பெக்கை இன்டெல் சைட்ல தேடுங்க, ஸ்டெப்பிங் என்னன்னு வந்துரும்.

சுமார் 2010 வரைக்கும் வந்த சிப்ல இது பெரும்பாலும் எஸ்எல்னு ஆரம்பிக்கும், 2011 சாண்டி பிரிட்ஜ்ல இருந்து எஸ்ஆர். ஐ7-2600கேன்னா எஸ்ஆர்00சி.

இந்த மாதிரி கோட் எல்லாம் உண்மைலயே யாருக்காவது உதவியிருக்கா?

1994 பென்டியம் கதையே போதும். தாமஸ் நைஸ்லிங்கிற கணிதப் பேராசிரியர் வகுத்தல் கணக்குல தப்பு வர்றதைக் கண்டுபிடிச்சார், இன்டெல் முதல்ல பெருசா எடுத்துக்கல, டிசம்பர்ல கேக்குறவங்களுக்கெல்லாம் மாத்தித் தர்றோம்னு இறங்கி வந்துச்சு, அதுக்காக 47.5 கோடி டாலர் கணக்குல ஒதுக்குச்சு. பென்டியம்னு மட்டும் சொன்னா எது பழுது எது திருத்தினதுன்னு பிரிக்க முடியாது, ரெண்டும் அதே பேருலதான் இருந்துச்சு. ஸ்டெப்பிங்கும் அதைச் சொல்ற எஸ்-ஸ்பெக்கும்தான் வித்தியாசம்.

மலாய், கோஸ்டா ரிக்கா, வியட்நாம், சைனான்னு போட்டிருக்கே, சிப் அங்கதான் செஞ்சதா?

பாதி உண்மை. சிப் வேலை ரெண்டு கட்டமா நடக்குது. முதல்ல வேஃபர்ங்கிற வட்ட சிலிக்கான் தகடு மேல டிரான்சிஸ்டர் உருவாக்குற வேலை, அது ஃபேப்ங்கிற சிப் தொழிற்சாலைல நடக்கும், மாசக்கணக்குல ஆகும். அப்புறம் அந்த வேஃபரை வெட்டி, சின்னச் சின்ன துண்டை பச்சைக் கலர் போர்டுல ஒட்டி, மூடி போட்டு, டெஸ்ட் பண்ணி, ஸ்பீடு பிரிக்குற வேலை, அது அசெம்ப்ளி பிளான்ட்ல. இன்டெல் மூடில இருக்க நாடு இந்த ரெண்டாவது கட்டம். இன்டெலோட வேஃபர் ஃபேப் அமெரிக்காவுல ஆரிகன், அரிசோனா, அப்புறம் அயர்லாந்து, இஸ்ரேல்னு இருக்கு. அசெம்ப்ளி மலேசியா பினாங்குல 1972-ல இருந்தே நடக்குது, சீனால செங்டு, வியட்நாம்ல ஹோ சி மின் சிட்டி, முன்னாடி கோஸ்டா ரிக்காலயும் நடந்துச்சு. எஃப்பிஓல முதல் எழுத்து எக்ஸ்னா வியட்நாம், 3-ன்னா கோஸ்டா ரிக்கா.

அதனால பேட்ச் கோட்ல இருக்க வாரமும் அசெம்ப்ளி பக்கத்து வாரம்தான், சிலிக்கான் அதுக்கு முன்னாடியே ஃபேப்ல பொறந்துருக்கும்.

ஏஎம்டில எப்படி?

இந்த விஷயத்துல ஏஎம்டி நேர்மையா எழுதும். "டிஃப்யூஸ்டு இன்" ஒரு நாடு, "மேட் இன்" ஒரு நாடுன்னு ரெண்டையும் தனித்தனியா போட்டுரும். டிஃப்யூஸ்டு வேஃபர் ஓடின நாடு, மேட் இன் அசெம்ப்ளி நாடு. பழைய அத்லான் காலத்துல ஜெர்மனின்னு இருக்கும், டிரெஸ்டன் ஃபேப். முதல் ரைசன்ல யுஎஸ்ஏ, அது நியூயார்க் மாநிலத்துல இருக்க குளோபல்ஃபவுண்ட்ரீஸ்ங்கிற சிப் தயாரிப்புக் கம்பெனியோட ஃபேப்.

ரைசன் 3000 வரிசைல மூடியைப் பார்த்தா டிஃப்யூஸ்டு இன் யுஎஸ்ஏ, டிஃப்யூஸ்டு இன் தைவான்னு ரெண்டும் இருக்கும். பிரிண்டிங் மிஸ்டேக்கான்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. மிஸ்டேக் இல்ல, மூடிக்குக் கீழ ஒண்ணுக்கு மேல சிலிக்கான் இருக்கு. கோர் இருக்க துண்டு டிஎஸ்எம்சிங்கிற சிப் தயாரிப்புக் கம்பெனில 7 நானோமீட்டர்ல செஞ்சது, அது தைவான். மெமரி கன்ட்ரோலர், பிசிஐ எல்லாம் இருக்க ஐஓ துண்டு குளோபல்ஃபவுண்ட்ரீஸ்ல செஞ்சது, அது யுஎஸ்ஏ. ரைசன் 7000-ல ஐஓ துண்டும் டிஎஸ்எம்சிக்குப் போயிருச்சு, அதனால யுஎஸ்ஏ வரி காணாம போச்சு. ஒரு வரி மறைஞ்சதுக்குப் பின்னாடி ஒரு கம்பெனியோட சப்ளை கான்ட்ராக்ட் மாறின கதையே இருக்கு பாருங்க.

தேதி கண்டுபிடிக்குறது இன்டெலை விட ஈசி. ரைசன் 5 3600 மூடில "பிஎஃப் 1930எஸ்யூஎஸ்"னு இருக்குன்னு வெச்சுக்கோங்க, 19 வருஷம், 30 வாரம், 2019 ஜூலை கடைசி. வருஷம் ரெண்டு இலக்கம்ங்கிறதால பத்து வருஷக் குழப்பமும் கிடையாது. பின்னாடி வர்ற எஸ்யூ, பிஜி எழுத்துகளை ஆர்வலர்கள் சூஜோ, பினாங்குன்னு படிக்குறாங்க, மேட் இன் வரியோட ஒத்துப்போகுதான்னு நீங்களே சரி பார்த்துக்கலாம்.

ஏஎம்டில 100-000000031 மாதிரி ஒரு நீள நம்பர் இருக்கே, அதைப் பிரிச்சுப் படிக்க முடியுமா?

முடியாது. அது வெறும் பார்ட் நம்பர், 31-ன்னா 3600, 65-ன்னா 5600எக்ஸ், 63-ன்னா 5800எக்ஸ், அவ்ளோதான், உள்ள அர்த்தம் எதுவும் ஒளிஞ்சிருக்கல. தேடிப் பார்த்து மூடில இருக்க மாடலோட பொருந்துதான்னு செக் பண்ணலாம்.

அத்லான் எக்ஸ்பி காலத்துல அப்படி இல்ல. ஏஎக்ஸ்டிஏ2500டிகேவி4டின்னு ஒரு நம்பர். ஏஎக்ஸ்னா அத்லான் எக்ஸ்பி, டி 130 நானோமீட்டர், ஏ டெஸ்க்டாப், 2500 ரேட்டிங், அடுத்த டி பேக்கேஜ் வகை, கே 1.65 வோல்ட், வி அதிகபட்சம் 85 டிகிரி, 4-ன்னா 512 கேபி எல்2 கேஷ், கடைசி டி 333 மெகாஹெர்ட்ஸ் பஸ். டேட்டாஷீட்டே தேவையில்ல, மூடியே டேட்டாஷீட். அதை எடுத்துட்டு இந்த உயிரில்லாத பன்னெண்டு இலக்கத்தைக் கொண்டு வந்ததுல எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இ4, இ1-ன்னு ஒரு வட்டக் குறி?

ஈயம் இல்லாத தயாரிப்புல காண்டாக்ட் மேல என்ன உலோகப் பூச்சுன்னு சொல்ற குறி. இ4 தங்கம் மாதிரி விலை உயர்ந்த உலோகம், இ1 தகரம்-வெள்ளி-தாமிரம் சால்டர். தரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

சாஃப்ட்வேர் போட்டுத் தயாரிச்ச தேதி பார்க்க முடியாதா? கூலரைக் கழட்ட சோம்பேறித்தனமா இருக்கு.

முடியாது. சிபியு-இசட்லயோ லினக்ஸ்ல எல்எஸ்சிபியு கமாண்ட்லயோ ஃபேமிலி, மாடல், ஸ்டெப்பிங் எல்லாம் வரும், ஸ்டெப்பிங் தெரிஞ்சா எஸ்-ஸ்பெக் எதுவா இருக்கும்னு ஓரளவு பின்னாடி போய் ஊகிக்கலாம், ஆனா வாரமும் பேட்சும் வராது. அது லேசர்ல மூடி மேல பொறிச்சது மட்டும்தான்.

1999-ல பென்டியம் 3-ல இன்டெல் ஒவ்வொரு சிப்புக்கும் சாஃப்ட்வேர் படிக்குற மாதிரி சீரியல் நம்பர் வெச்சுது, ஆளைக் கண்காணிக்க வழி பண்ணுதுன்னு பெரிய எதிர்ப்பு கிளம்பி, பென்டியம் 4-ல எடுத்துட்டாங்க. சர்வர் சியான்ல இன்வென்டரிக்குன்னு ஒரு நம்பர் இருக்கு, அது தனி விஷயம்.

டப்பா கைல இருந்தா கூலரைத் தொடவே வேண்டாம், லேபிள்லயே பேட்ச், சீரியல் ரெண்டும் இருக்கும். ஆனா அந்த டப்பாவுக்குள்ள இருந்த சிப்தான் இப்ப போர்டுல இருக்குங்கிறதுக்கு நீங்கதான் கேரன்ட்டி.

வாரன்ட்டிக்கு எந்த நம்பர் கேப்பாங்க?

இன்டெல்னா எஃப்பிஓவும் ஏடிபிஓவும் ரெண்டும் வேணும். ஏடிபிஓங்கிறது சீரியல், பச்சை போர்டு ஓரத்துல பொடி எழுத்துல ஒரு பகுதி இருக்கும், முழுசா பக்கத்துல இருக்க சின்னக் கட்டம் போட்ட 2டி கோட்ல இருக்கும், அதை போன் கேமரால ஸ்கேன் பண்ணலாம். ரெண்டையும் இன்டெலோட வாரன்ட்டி பக்கத்துல போட்டா முடிவு தேதி வந்துரும். டப்பா இல்லாம ட்ரேல வித்த சிப்னா இன்டெல் நேரடியா வாரன்ட்டி தராது, வித்தவங்ககிட்டதான் போகணும், யூஸ்டு வாங்கும்போது பலர் இதுலதான் மாட்டுறாங்க. ஏஎம்டில பார்ட் நம்பரும் சீரியலும்.

13, 14-ம் தலைமுறை இன்டெல் பிரச்சனைல என் சிப் இருக்கான்னு பேட்ச் கோடை வெச்சுச் சொல்ல முடியுமா?

அந்தக் கதையை ரெண்டா பிரிச்சுக்கோங்க. ஒண்ணு, வோல்டேஜ் அதிகமாப் போய் சிப் தேஞ்சு கிராஷ் ஆகுறது. இது பேட்ச் பிரச்சனையே இல்ல, எந்த வாரத்து சிப்பா இருந்தாலும் வரலாம். இதுக்கு 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129 மைக்ரோகோடு, அடுத்து 0எக்ஸ்12பி வந்துச்சு, டப்பா சிப்புக்கு வாரன்ட்டியும் மூணு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டாவது, 13-ம் தலைமுறைல ஆரம்ப கால சிப்ல வந்த ஆக்சிடேஷன் பிரச்சனை, அது தயாரிப்புக் கோளாறு, 2023-ல ஃபேப்லயே சரி பண்ணிட்டதா இன்டெல் சொல்லுச்சு. அதனால 2022 சிப்பா 2024 சிப்பான்னு கோட் பார்த்துத் தெரிஞ்சு வெச்சுக்குறது பிரயோஜனம்தான், ஆனா அதை மட்டும் வெச்சு இது நல்ல சிப், இது கெட்ட சிப்னு முடிவு பண்ண முடியாது. பயாஸ் அப்டேட்தான் முதல் வேலை.

மலேசியா சிப் கூல், கோஸ்டா ரிக்கா சிப் நல்லா ஓவர்கிளாக் ஆகும்னு சொல்றாங்களே?

ஒவ்வொரு தலைமுறைலயும் இந்தப் பேச்சு ஓடும், நாடு மட்டும் மாறும். சிப் எவ்ளோ ஓடும்ங்கிறது சிலிக்கான்ல, அது பொறக்குறது ஃபேப்ல, நீங்க படிக்குறது மூடி போட்ட நாடு. ஒரே பேட்ச்ல பக்கத்துப் பக்கத்து சிப் ரெண்டே வேற வேற மாதிரி இருக்கும். ஒரு காலகட்டத்துல ஃபேப் முதிர்ச்சி அடைஞ்சு பின்னாடி வர்ற வாரங்கள் கொஞ்சம் நல்லா இருக்கலாம், அது வரைக்கும் ஒத்துக்குறேன். நாட்டைப் பார்த்துக் கூட காசு கொடுக்காதீங்க.

போலி சிப்பை இந்தக் கோட் வெச்சுக் கண்டுபிடிக்கலாமா?

தனியா ஒரு வரியை நம்பி இல்ல, வரிகளை ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டுப் பார்த்தா பெரும்பாலும் மாட்டிக்கும். மூடியைத் தேய்ச்சு வேற மாடல் பேரைப் பொறிக்குறது பென்டியம் காலத்துலயே இருந்த தொழில்தான். போலி பண்றவன் மாடல் பேரை அழகா எழுதுவான், மத்த வரியில சொதப்புவான்: எஸ்-ஸ்பெக் வேற மாடலுக்கு உள்ளதா இருக்கும், வாரம் அந்த மாடல் ரிலீஸ் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடி இருக்கும், வாரம் 58-ன்னுகூட இருக்கும், ரைசன் 7000-ன்னு சொல்ற மூடில யுஎஸ்ஏ டிஃப்யூஸ்டு வரி இருக்கும். மூடியோட மேல்பரப்புல சாணை பிடிச்ச கோடு தெரியுதா, எழுத்து பெயின்ட் மாதிரி மேல நிக்குதான்னும் பாருங்க. அப்புறம் அடியில இருக்க கபாசிட்டர் அமைப்பை அதே மாடலோட நல்ல படத்தோட ஒப்பிடுங்க, மூடியை மாத்தலாம், அதை மாத்துறது கஷ்டம்.

எல்லாத்துக்கும் மேல, உங்க கண் முன்னாடி போர்டுல போட்டு பயாஸ்ல என்ன பேரு வருதுன்னு பாருங்க. விக்குறவர் அனுப்புற ஸ்க்ரீன்ஷாட் எந்த சிப்போடதுன்னு யாருக்குத் தெரியும்.

"இன்டெல் கான்ஃபிடென்ஷியல்"னு போட்டிருக்கு, மாடல் பேரே இல்ல, விலை பாதி. வாங்கலாமா?

அது எஞ்சினியரிங் சாம்பிள், எஸ்-ஸ்பெக்குக்குப் பதிலா க்யூன்னு ஆரம்பிக்குற நாலெழுத்து கோட் இருக்கும். போர்டு கம்பெனிகளுக்கு சோதனைக்குக் கொடுத்தது, விக்கவே கூடாத பொருள், இன்டெல் சொத்து. வாரன்ட்டி கிடையாது, கிளாக் கம்மியா இருக்கலாம், புது பயாஸ் போட்டதும் பூட் ஆகாமப் போகலாம். ஏஎம்டிலயும் எஞ்சினியரிங் சாம்பிள்னு மூடில எழுதிருக்கும். தினசரி வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

பேஸ்ட் பூசி ஒண்ணும் தெரியலையே, எப்படிப் படிக்குறது?

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு இல்லாத துணி, மெதுவா துடைங்க, சுரண்டாதீங்க. அப்புறம் ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க, நேரா அடிச்சா மூடி பளபளன்னு இருக்கும் எழுத்து மறைஞ்சுரும், சாய்ச்சா பொறிச்ச பள்ளம் தனியா எழும்பித் தெரியும். ஏஎம்4 சிப்னா கூலரை இழுக்கும்போது சிப்பும் ஒட்டிக்கிட்டு சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வரும், அதனால சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு, கூலரை இப்படி அப்படித் திருகிக் கழட்டுங்க. மூடியை உப்புத்தாள் போட்டு சமமா தேய்ச்ச யூஸ்டு சிப்னா எழுத்தே இருக்காது, வாரன்ட்டியும் அதோட போச்சு.

படம் எடுத்து எங்கயாவது போட்டு "இது ஒரிஜினலா"ன்னு கேக்குறதா இருந்தா சீரியலையும் 2டி கோடையும் மறைச்சுட்டுப் போடுங்க, வேற எவனாவது அந்த நம்பரை வெச்சு உங்க வாரன்ட்டியை க்ளெய்ம் பண்ணிருவான். எஸ்-ஸ்பெக், வாரம், நாடு மூணும் தெரிஞ்சா போதும், பதில் சொல்றவங்களுக்கு அதுக்கு மேல தேவைப்படாது.